எந்த வரியில் இருக்கிறது? சீனாவின் பட்ட ஆங்கிலத் தேர்வும் வாசிப்புப் பயிற்சியில் நடக்கும் தவறுகளும்

சீனாவில் வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்பு படிப்பவர் கையில் கடைசியில் இரண்டு தாள்கள் இருக்க வேண்டும். படிப்பை முடித்தார் என்று சொல்வது ஒன்று, பட்டம் பெற்றார் என்று சொல்வது இன்னொன்று. முதலாவதைச் சீனத்தில் 'ஷுவேலி' என்பார்கள், இரண்டாவதை 'ஷுவேவெய்' என்பார்கள். பாடங்களில் எல்லாம் தேறினால் முதல் தாள் வந்துவிடும். இரண்டாவது தாளுக்குப் பல இடங்களில் ஓர் ஆங்கிலத் தேர்வையும் தாண்டியாக வேண்டும். வயது வந்தோர் கல்வியில் படித்தவர்களுக்கு இளநிலைப் பட்டம் தருவதற்கான விதிகள் 1988-இல் வந்தன. அன்றிலிருந்து எத்தனையோ பேர் முதல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டாவதற்காக இந்த ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

பெய்ஜிங் வட்டாரத்தில் இந்தத் தேர்வைப் பேச்சு வழக்கில் 'செங்ரென் சான்ஜி', அதாவது வயது வந்தோர் மூன்றாம் நிலை என்பார்கள். பல ஆண்டுகள் நடந்த வடிவத்தில் நேரம் 120 நிமிடம், மொத்தம் 100 மதிப்பெண், 60 எடுத்தால் தேர்ச்சி. அதில் வாசிப்புக்கு மட்டும் 30. மூன்று பத்திகள், 15 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 2 மதிப்பெண். மாகாணத்துக்கு மாகாணம் வடிவம் மாறும். ஆனால் வாசிப்புப் பகுதியில் விழுகிற பள்ளம் எங்கும் ஒன்றுதான்.

பெய்ஜிங்கில் இருந்தபோது இந்தத் தேர்வுக்குப் படிக்கும் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் உதவி செய்தேன். அவர்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் ஒருவர் இருந்தார். வயது நாற்பதைத் தாண்டியவர். எல்லோரும் அவரை 'ஜியே' என்று கூப்பிடுவார்கள். நம் 'அக்கா'தான். சொற்பட்டியலில் எதைக் கேட்டாலும் பட்டென்று பொருள் சொல்லிவிடுவார். வாசிப்பில் மட்டும் 15 கேள்விக்கு 6, 7-ஐத் தாண்டவே மாட்டார். ஏன் என்று பார்ப்பதற்காக ஒரு சின்னப் பத்தியை நானே எழுதிக்கொடுத்தேன். அதன் சாரம் இது:

ஓர் ஊரில் நூலகம் மாலை 5 மணிக்கே மூடிவிடும். வேலைக்குப் போகிறவர்களால் வர முடியவில்லை. இப்போது இரவு 9 வரை திறந்திருக்கிறது. தாமதமாகத் திருப்பினால் வாங்கிய அபராதத்தையும் நிறுத்திவிட்டார்கள். வருகிறவர்கள் கூடினார்கள். 'ஹவெவர்', வீட்டுக்கு எடுத்துப்போகும் புத்தகங்கள் கூடவில்லை. நிறையப் பேர் அமைதியாக உட்கார ஓர் இடம் தேடித்தான் வருகிறார்கள் என்கிறார் நூலகர்.

கேள்வி: புத்தகம் எடுப்பது ஏன் கூடவில்லை? ஏ, நூலகம் சீக்கிரம் மூடிவிடுகிறது. பி, மக்கள் அபராதத்துக்குப் பயப்படுகிறார்கள். சி, பலர் வருவது புத்தகத்துக்காக அல்ல. டி, மக்கள் இப்போது கைப்பேசியில் படிக்கிறார்கள்.

ஜியே 'டி' என்று எழுதினார். ஏன் என்று கேட்டேன். "சுரங்க ரயிலில் பாருங்கள், யார் கையில் புத்தகம் இருக்கிறது? எல்லோரும் கைப்பேசியில்தானே படிக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் பத்தியில் கைப்பேசி என்ற சொல்லே கிடையாது.

வயது வந்தவர்களிடம் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு வராது. நாற்பது வயதுக்காரருக்கு உலகம் தெரியும். வேலை, பிள்ளை வளர்ப்பு, உடல்நலம், பணம் என்று பத்தி எதைப் பேசினாலும் அவரிடம் சொந்தமாக ஒரு கருத்து இருக்கும். கேள்வியைப் பார்த்ததும் அந்தக் கருத்து முந்திக்கொள்ளும். தேர்வு கேட்பது உலகத்தைப் பற்றி அல்ல, அந்த 300 சொற்களைப் பற்றி மட்டும்தான். அதனால் அன்று முதல் ஜியேவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: எந்த வரியில் இருக்கிறது? விரலை வைத்துக் காட்டுங்கள். விரல் வைக்க இடமில்லை என்றால் அந்த விடை அவர் மனதிலிருந்து வந்தது, பத்தியிலிருந்து வந்ததில்லை.

அதே குழுவில் ஓர் இளைஞர் 'ஏ' என்று போட்டிருந்தார். அவர் விரல் வைக்க வரி இருந்தது, 'மாலை 5 மணிக்கே மூடிவிடும்' என்ற முதல் வரி. இது வேறு வகைத் தவறு. விடையில் இருக்கும் சொல் பத்தியிலும் கண்ணில் பட்டால் அதுதான் சரி என்று பிடித்துக்கொள்வது. கேள்வி எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தவறான விடையில்தான் பத்தியின் சொற்களை அப்படியே எடுத்துவைப்பார்கள். சரியான விடையை வேறு சொற்களில் மாற்றி எழுதுவார்கள். 'அமைதியாக உட்கார இடம்' என்பது விடையில் 'புத்தகத்துக்காக அல்ல' என்று ஆனதைப் பாருங்கள். அதனால் வரியைக் காட்டினால் மட்டும் போதாது. அந்த வரி கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மூடும் நேரம் பழைய கதை. கேள்வியோ 'ஹவெவர்' என்ற சொல்லுக்குப் பிறகு நடப்பதைப் பற்றியது. 'பட்', 'ஹவெவர்', 'ஆல்தோ' போன்ற சொற்களைப் பயிற்சியின்போது பென்சிலால் வட்டமிட்டே பழக வேண்டும். இந்தத் தேர்வில் கேள்விகள் அங்கேதான் மொய்க்கும்.

'பி' போட்டவரும் இருந்தார். அபராதத்தை ஆங்கிலத்தில் 'ஃபைன்ஸ்' என்று எழுதியிருந்தேன். அவருக்கு 'ஃபைன்' என்றால் நலம். சீனப் பள்ளியில் படித்த யாரைக் கேட்டாலும் 'ஹவ் ஆர் யூ' என்றதும் 'ஐயம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ' என்று ஒரே மூச்சில் வரும். நூலகம் 'நலங்களை' நிறுத்தியது என்றால் என்ன அர்த்தம் என்று குழம்பி, ஏதோ கெட்டது நடக்கிறது என்று ஊகித்து, கடைசியில் பயப்படுகிறார்கள் என்ற விடையில் போய் நின்றுவிட்டார்.

இங்கே குறை அவருடையது மட்டுமல்ல, சொல்லைப் படித்த விதமும்தான். அகர வரிசைச் சொற்பட்டியலை எடுத்து, ஒரு சொல்லுக்கு ஒரு சீனப் பொருள் என்று மனப்பாடம் செய்வது அங்கே பரவலாக உள்ள பழக்கம். அந்தப் பட்டியல்களில் பெரும்பாலும் முதலில் நிற்பது 'அபாண்டன்', அதாவது கைவிடு. சீனாவில் ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தவர்களில் அந்தச் சொல் தெரியாதவரைப் பார்ப்பது அரிது. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்கி, சில பக்கங்களில் விட்டுவிட்டு, அடுத்த பருவத்தில் மறுபடி 'அபாண்டன்' என்று தொடங்குகிறார்கள். வேலை முடிந்து களைத்து வந்து உட்காருகிறவருக்கு இது ஒத்துவராத வழி. சொல்லைப் பத்தியிலிருந்தே எடுக்கலாம். எழுதிக்கொள்ளும்போது சொல்லை மட்டும் எழுதாமல், அது வந்த வாக்கியத்தையும் சேர்த்து எழுத வேண்டும். 'அட்ரஸ்' என்றால் முகவரி மட்டும்தானா? பத்தியில் அது 'பிரச்சினையைக் கையில் எடுப்பது' என்ற பொருளில்தான் அதிகம் வரும். 'கம்பெனி' என்றால் நிறுவனம் மட்டுமல்ல, கூடத் துணைக்கு இருப்பதும்கூட. தெரியாத சொல்லை விடத் தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்தான் ஆளைக் கவிழ்க்கும். தெரியாத சொல் வந்தால் நின்று யோசிப்போம், தெரிந்த சொல்லாக இருந்தால் நிற்கக்கூடத் தோன்றாது.

இனி நீண்ட வாக்கியங்கள். இந்த இடத்தில் தமிழ் பேசுகிறவர்களுக்குச் சீன மாணவரின் கஷ்டம் சுலபமாகப் புரியும். 'என் தம்பி நேற்று வாங்கிய புத்தகம்' என்று நாம் சொல்கிறோம். சீனத்தில் 'வோ தீதி ஜுவோத்தியன் மாய் த ஷூ'. என், தம்பி, நேற்று, வாங்கிய, புத்தகம் என்று சொல்லுக்குச் சொல் அதே வரிசை. விவரம் எல்லாம் முன்னால் வந்துவிடும், புத்தகம் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் 'தி புக்' முதலில் வந்துவிட்டு, 'தட் மை பிரதர் பாட் யெஸ்டர்டே' பின்னால் வால்போல வரும். அதனால் சீன மாணவர் 'தட்' வரை வந்ததும் நின்று, வாக்கியத்தின் கடைசிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்து சீன வரிசையில் அடுக்கிப் பார்க்கிறார். ஒரு வால் இருந்தால் சமாளிக்கலாம். இரண்டு மூன்று வால்கள் இருந்தால் பத்தி முழுக்கக் கண் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். நேரம் போவது அங்கேதான். சொல் தெரியவில்லை என்பதால் அல்ல.

இதற்கு மருந்து, வாக்கியத்தைப் புரட்டிப்போடாமல் வருகிற வரிசையிலேயே கேள்வி கேட்டுக்கொண்டு போவது. 'தி லைப்ரரி தட் ஸ்டேஸ் ஓப்பன் அண்டில் நைன் அட்ராக்ட்ஸ் வொர்க்கர்ஸ் ஹூ கெனாட் கம் டியூரிங் தி டே' என்று ஒரு வாக்கியம். நூலகம். எந்த நூலகம்? 9 வரை திறந்திருப்பது. அது என்ன செய்கிறது? வேலைக்குப் போகிறவர்களை இழுக்கிறது. எப்படிப்பட்டவர்களை? பகலில் வர முடியாதவர்களை. அவ்வளவுதான், திரும்பிப் போகவே வேண்டாம். ஜியே முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு வாக்கியத்திலும் பென்சிலால் சாய்கோடு போட்டுப் பிரித்தார். அப்புறம் கோடு தேவைப்படவில்லை.

அப்படியானால் சீனத்தில் மொழிபெயர்க்கவே கூடாதா? கூடாது என்றில்லை, வாசிக்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். நான் சொன்ன வடிவத்தில் மொழிபெயர்ப்புப் பகுதியும் உண்டு. சீனத்தில் எழுதச் சொல்லிக் கேட்கும் ஐந்து ஆங்கில வாக்கியங்களும் வாசிப்புப் பத்திகளிலிருந்தே எடுக்கப்பட்டவை, பத்தியிலேயே அடிக்கோடு இட்டிருக்கும். இது தெரியாமல் வாசிப்புக்கு ஒரு நாள், மொழிபெயர்ப்புக்கு ஒரு நாள் என்று தனித்தனியாகப் பயிற்சி செய்கிறார்கள். பத்தியை முடித்துக் கேள்விகளுக்கும் விடை போட்ட பிறகு, அதிலேயே நீளமான இரண்டு வாக்கியங்களை எடுத்து நல்ல சீனத்தில் எழுதிப் பார்ப்பது நல்லது. அப்போது புரட்டிப்போடுங்கள், புரட்டித்தான் ஆக வேண்டும். ஒரே பத்தி இரண்டு பகுதிக்கும் உதவும்.

பழைய வினாத்தாள்களைச் சீனத்தில் 'ஜென்தி' என்பார்கள், உண்மையான கேள்விகள் என்று பொருள். அவற்றை வாங்கி அடுக்கி வைத்து, ஒன்றை எழுதி, விடைப்பட்டியலைப் பார்த்து, 8 சரி என்று குறித்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். இருபது தாள் முடித்தாலும் 8 என்பது 8-ஆகவே நிற்கும். எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு கனக்கும். ஒவ்வொரு தாளும் அவர்கள் தூக்கத்திலிருந்து எடுத்த இரண்டு மணி நேரம். தாளைக் குறைத்துக்கொண்டு, தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதினால் போதும்: என் தலையிலிருந்து வந்தது, சொல்லைப் பார்த்து ஏமாந்தேன், வாக்கியம் புரியவில்லை. சரியாகப் போட்டவற்றிலும் விரல் வைத்துக் காட்ட முடியாதவற்றைத் தவறாகவே எண்ண வேண்டும். ஜியேவின் நோட்டில் முதல் மாதம் முழுக்க 'என் தலையிலிருந்து வந்தது' என்றே இருந்தது. மூன்றாம் மாதம் அது அநேகமாகக் காணாமல் போய், 'வாக்கியம் புரியவில்லை' மட்டும் மிஞ்சியது. அடுத்து எதில் உழைக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்துவிட்டது.

'மூன்று குட்டை ஒரு நெட்டை என்றால் நெட்டையைப் போடு, மூன்று நெட்டை ஒரு குட்டை என்றால் குட்டையைப் போடு' என்று சீனாவில் ஒரு வாய்ப்பாடு உண்டு, விடைகளின் நீளத்தைப் பார்த்து ஊகிக்கும் வழி. ஒன்றும் தெரியாமல் கடைசி ஒரு நிமிடம் இருக்கும்போது எதையோ போடுவது வேறு. பயிற்சியிலேயே இதை நம்பி உட்கார்ந்தால் வாசிக்கும் பழக்கமே வராது. அதேபோல, கடினமானதைப் படித்தால் சுலபமானது தானாக வரும் என்று முதுநிலை நுழைவுத் தேர்வுப் பத்திகளை எடுக்கிறவர்களும் உண்டு. வாரத்தில் ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் அதைத் தன் தேர்வின் தாளிலேயே செலவிட வேண்டும்.

கடைசியாக நேரம். வேலைக்குப் போகிறவர்கள் ரயிலில் பத்து நிமிடம், மதிய உணவுக்குப் பின் பத்து நிமிடம் என்று கைப்பேசியிலேயே பயிற்சியை முடித்துவிடுவார்கள். சொல்லுக்கு அது சரி. மூன்று பத்திகளை ஒரே மூச்சில் வாசிக்கும் பொறுமை அப்படி வராது. பெய்ஜிங்கில் தேர்வு வழக்கமாக மே, நவம்பர் மாதங்களில் வரும். அதற்கு முந்தைய ஆறு வாரமாவது, வாரம் ஒரு முறை காகிதத் தாளை வைத்துக்கொண்டு, கைப்பேசியை அடுத்த அறையில் போட்டுவிட்டு, 40 நிமிடத்தில் மூன்று பத்தியையும் முடித்துப் பார்க்க வேண்டும். விடை அட்டையையும் 2பி பென்சிலையும் அப்போதே பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விடைகளை வினாத்தாளில் குறித்து வைத்து, எல்லாவற்றையும் கடைசியில் அட்டையில் ஏற்றலாம் என்று விட்டு, மணி அடிக்கும்போது பாதிக் கட்டம் காலியாக உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். ஒரு பத்தி முடிந்ததும் அதன் ஐந்து கட்டங்களை நிரப்பிவிட்டுத்தான் அடுத்த பத்திக்குப் போக வேண்டும்.