கடைக்கும் பட்டறைக்கும் அசல் சாஃப்ட்வேர் லைசென்ஸ்: விலை குறைய எங்கே பார்ப்பது, எதைச் சரிபார்ப்பது

மதுரை கீழமாசி வீதி மொத்த மளிகைக் கடையானாலும் கப்பலூர் சிட்கோ பட்டறையானாலும், இன்றைக்கு நாலு கம்ப்யூட்டர் இல்லாமல் வேலை ஓடாது. அந்த நாலிலும் இருக்கிற விண்டோஸ், ஆபீஸ், கணக்கு எழுதும் டேலிக்குப் பில் எங்கே என்று கேட்டால், பலரும் சர்வீஸ் செய்கிற தம்பியைத்தான் கைகாட்டுவார்கள். அசல் என்றால் கட்டுப்படியாகாது என்ற நினைப்பு அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது. நேர்வழியிலேயே செலவை நன்றாகக் குறைக்கலாம். அதற்கு ஒரு தள்ளுபடியைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி: இந்த விலை ஏன் குறைந்தது? ஆண்டுச் சந்தா, கம்ப்யூட்டரோடு சேர்ந்து வருவது, பல பேருக்கான பேக், மார்ச் கடைசி டார்கெட் என்று விற்பவர் காரணம் சொன்னால் மேலே பேசலாம். "நமக்குத் தெரிஞ்ச ஆளு சார், கீ கிடைக்கும்" என்பது காரணம் ஆகாது. கீ என்பது சாஃப்ட்வேரை ஆக்டிவேட் செய்யப் போடுகிற எண்.

வாங்குவதற்கு முன்னால் எண்ணுங்கள்

ஒரு நோட்டில் கம்ப்யூட்டர் வாரியாக எழுதுங்கள்: யார் உட்காருகிறார், என்ன வேலை, எந்த சாஃப்ட்வேர், எந்தப் பதிப்பு, பில் உண்டா. இதை எழுதும்போதே பாதிச் செலவு குறைந்துவிடுவது உண்டு. பில் போடும் கவுண்டரில் இருப்பவருக்கு எக்செல் எதற்கு? குடோனில் சரக்கு வரவு பதியும் ஆளுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். அது இலவசம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தவும் தடையில்லை, யூனிகோடு தமிழும் நன்றாக வரும். மேக்ரோ போட்ட பெரிய எக்செல் ஃபைல்களை வைத்துக்கொண்டு ஆடிட்டரோடு மாற்றிமாற்றி வேலை செய்கிறவருக்கு மட்டும் ஆபீஸ் வாங்குங்கள். ஆன்டிவைரஸும் அப்படித்தான். விண்டோஸோடு வரும் டிஃபெண்டரை அப்டேட்டாக வைத்திருந்தாலே சின்னக் கடைக்குப் பெரும்பாலும் போதுமானது.

விண்டோஸ்: கம்ப்யூட்டர் வாங்கும்போதே வாங்கிவிடுங்கள்

"டாஸ் லேப்டாப்" என்று, விண்டோஸ் இல்லாமல், சில ஆயிரம் குறைத்து ஒன்று காட்டுவார்கள். விண்டோஸ் நாங்களே ஃப்ரீயாகப் போட்டுத் தருகிறோம் என்பார்கள். திருட்டு விண்டோஸ் கடைக்குள் நுழைகிற முதல் வாசல் இதுதான். பிறகு அதற்குத் தனியாக ரீடெயில் விண்டோஸ் வாங்கினால், மிச்சமான தொகையைவிடக் கூடுதலாகவே போகும். விண்டோஸோடு வரும் மாடலின் விலையையும் டாஸ் மாடலின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இப்படிச் சேர்ந்து வருவது ஓஇஎம் லைசென்ஸ். அது அந்த மதர்போர்டோடு ஒட்டியது, வேறு கம்ப்யூட்டருக்கு மாறாது. அதனால்தான் மலிவு. ரீடெயில் லைசென்ஸ் விலை கூட, ஆனால் பழைய கம்ப்யூட்டரில் எடுத்துவிட்டுப் புதியதில் போடலாம். அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரில் அடிக்கடி மதர்போர்டு மாற்றுகிற இடங்களுக்கு ரீடெயில்தான் கடைசியில் லாபம்.

ஹோமா புரோவா என்பதையும் வேலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வெளியூரிலிருந்து விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைய வேண்டும், அல்லது டொமைனில் (எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கில்) சேர்க்க வேண்டும் என்றால் புரோ. பில் மட்டும் போடும் கவுண்டருக்கு ஹோம் போதும்.

இன்னொன்று. பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்கள். விண்டோஸ் 10, ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 மூன்றுக்கும் மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஆபீஸ் 2021-க்குக் கெடு 2026 அக்டோபர் 13. பொருள் அசலாகவே இருக்கலாம், ஆனால் பாதுகாப்பு அப்டேட் வராத அசலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ஆபீஸ்: தலைக்கு எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள்

லேப்டாப்போடு "ஆபீஸ் ஃப்ரீ" என்று வருவது ஹோம் அண்ட் ஸ்டூடண்ட் பதிப்பு என்றால், அதை வியாபாரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கிடையாது. ஆபீஸைச் சந்தாவில் தருகிற மைக்ரோசாஃப்ட் 365-ல் பெர்சனல், ஃபேமிலி இரண்டும் வீட்டுக்கானவை. ஆறு பேருக்கான ஃபேமிலி பேக்கை வாங்கி ஆபீஸில் ஆறு பேருக்குப் பிரித்துக் கொடுப்பது பார்க்கச் சிக்கனம், நிபந்தனைப்படி தவறு. கடைக்கு இரண்டு வழி: ஒருமுறை பணம் கட்டும் ஹோம் அண்ட் பிசினஸ், அல்லது 365 பிசினஸ் சந்தா.

சந்தாவில் விலை குறைகிற இடங்கள் வெளிப்படையானவை. மாதாமாதம் விலகிக்கொள்ளும் திட்டத்தைவிட ஓராண்டுக்கு ஒப்புக்கொள்ளும் திட்டம் மலிவு. எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஆபீஸைப் போட்டுக்கொள்ளும் பிசினஸ் ஸ்டாண்டர்டு தேவையில்லை. ஈமெயிலும் பிரவுசரில் எக்செல் பார்ப்பதும் போதும் என்பவர்களுக்கு பிசினஸ் பேசிக் எடுங்கள். ஒரே கணக்கில் இரண்டையும் கலந்து வாங்கலாம். ஸ்டாண்டர்டில் ஒருவர் ஐந்து கம்ப்யூட்டர் வரை ஆபீஸைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால், கடையிலும் வீட்டிலும் வேலை பார்க்கிற முதலாளிக்கு இரண்டு லைசென்ஸ் தேவைப்படாது. அவசரப்பட்டு அதிக எண்ணிக்கை எடுத்துவிட்டால் ஏழு நாளுக்குள் குறைத்துவிடுங்கள். அதைத் தாண்டினால் ஒப்புக்கொண்ட காலம் முழுக்கக் கட்டியாக வேண்டும்.

ஐந்நூறு ரூபாய் கீ எங்கிருந்து வருகிறது

பெரிய நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ மொத்தமாகக் கொடுத்த வால்யூம் கீ கசிந்திருக்கும். சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களுக்குச் சோதனைக்கென்று கொடுத்த கீயாக இருக்கும். காயலான் கடைக்குப் போன கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த ஓஇஎம் கீயாக இருக்கும். ஆக்டிவேட் ஆகிவிடும், அதுதான் ஏமாற்றுகிறது. ஆக்டிவேட் ஆவது வேறு, உங்களுக்குப் பயன்படுத்த உரிமை இருப்பது வேறு. கீ பல இடங்களில் பயன்பட்டதாகத் தெரிந்து முடக்கப்பட்டால், விற்றவரின் வாட்ஸப் நம்பர் அதற்குள் மாறியிருக்கும்.

இதைவிட ஆபத்தானது, "லைஃப்டைம் 365" என்று யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டையும் எழுதிக் கொடுப்பது. அது யாரோ ஒருவரின் நிறுவனக் கணக்குக்குள் உங்களுக்குத் திறந்த ஓர் அறை. சாவி அட்மினிடம் இருக்கிறது. ஒன்டிரைவில் நீங்கள் வைக்கும் கொட்டேஷன், சம்பளப் பட்டியல், பார்ட்டி லிஸ்ட் எல்லாவற்றையும் அவர் பார்க்கலாம், ஒருநாள் மொத்தமாக அழிக்கவும் செய்யலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் வைத்திருக்கிறது. லாபத்துக்காகவோ வியாபாரத்திலோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்க்க நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடையில் ஓடுகிற கம்ப்யூட்டருக்கு அந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

டேலியில் எங்கே மிச்சம், எங்கே சிக்கல்

சில்வர் ஒருவருக்கு. கோல்டு ஒரே நெட்வொர்க்கில் உள்ள பலருக்கு. பட்டியல் விலையில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி. முன்னால் பில் போடுகிறவரும் பின்னால் கணக்கு எழுதுகிறவரும் ஒரே கம்பெனி டேட்டாவில் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் கோல்டு தேவை. கணக்குப்பிள்ளை சாயங்காலம் மட்டும் வருகிற கடைக்குச் சில்வர் போதும், வியாபாரம் வளர்ந்ததும் கோல்டுக்கு மாறிக்கொள்ளலாம்.

டிஎஸ்எஸ் என்பது டேலியின் அப்டேட்டுக்கும் இணைய வசதிக்குமான சந்தா. அதன் புதுப்பிப்பைப் பற்றிப் பயமுறுத்தி விற்பார்கள். புதுப்பிக்காவிட்டாலும் உங்கள் லைசென்ஸ் செத்துப்போவதில்லை, இருக்கிற பதிப்பு ஓடும். புதிய பதிப்பும் இணைய வசதிகளும் நின்றுவிடும். இ-இன்வாய்ஸ் போடுகிற கடைக்கு அது முக்கியம், வரவு செலவு மட்டும் எழுதுகிற இடத்துக்கு அவ்வளவு இல்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, லைசென்ஸ் யாருடைய ஈமெயிலில் பதிவாகிறது என்பது. அவசரத்தில் டீலர் தன்னுடைய ஈமெயிலையும் போன் நம்பரையும் போட்டுவிடுவார். இரண்டு வருடம் கழித்து அவர் கடையை மூடிவிட்டால் ரீசெட்டுக்கான தகவல் உங்களுக்கு வராது. கடையின் சொந்த ஈமெயில் ஒன்றை முன்கூட்டியே உருவாக்கி, அதைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். 365-க்கும் இதே விதி: குளோபல் அட்மின் என்ற முழு அதிகாரக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

போட்டு முடித்ததும் எஃப்1 அழுத்தி அபவுட் பக்கத்தைத் திறங்கள். சீரியல் நம்பர், சில்வரா கோல்டா, டிஎஸ்எஸ் எந்தத் தேதி வரை என்பதெல்லாம் தெரியும். எஜுகேஷனல் மோடு என்று இருந்தால் லைசென்ஸ் ஏறவில்லை. அந்த நிலையில் மாதத்தின் 1, 2, 31 தேதிகளைத் தவிர வேறு தேதியில் வவுச்சர் போட முடியாது. கம்ப்யூட்டரை மாற்றுவதற்கோ ஃபார்மேட் செய்வதற்கோ முன்னால் எஃப்1, செட்டிங்ஸ், லைசென்ஸ், சரண்டர் என்று போய் லைசென்ஸை விடுவியுங்கள். மறந்தால் அது பழைய மெஷினிலேயே மாட்டிக்கொள்ளும்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்

உங்கள் கடையின் பெயர், உங்கள் ஜிஎஸ்டி எண், சாஃப்ட்வேரின் முழுப் பெயர், எடிஷன், எத்தனை பேருக்கு, எத்தனை காலத்துக்கு, சீரியல் நம்பர். "சாஃப்ட்வேர் – 1" என்று மட்டும் போட்ட பில் நாளைக்கு எதையும் நிரூபிக்காது. விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டு ஆக்டிவ்தானா என்று பாருங்கள். 33-ல் தொடங்கினால் தமிழ்நாட்டுப் பதிவு, சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9 என்று பிரித்திருக்கும். வெளிமாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி 18.

பில் இல்லாமல் குறைத்துத் தருகிறேன் என்றால் இப்படிக் கணக்குப் போடுங்கள். பொருள் ரூ.20,000, வரி ரூ.3,600, மொத்தம் ரூ.23,600. பில் வேண்டாம் என்றால் ரூ.21,000 என்கிறார். ரெகுலர் ஜிஎஸ்டியில் இருக்கிற உங்களுக்கு அந்த ரூ.3,600 இன்புட் கிரெடிட்டாகத் திரும்பி வரும், நிகரச் செலவு ரூ.20,000. ஆக, ஆயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ஆதாரம் இல்லாத பொருளை வாங்குகிறீர்கள். கிரெடிட் எடுக்க, விற்பவர் பதிந்த அந்தப் பில் ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் ஜிஎஸ்டிஆர் 2பி பட்டியலில் ஏறியிருக்க வேண்டும் என்பதால் அடுத்த மாதமே பார்த்துவிடுங்கள். காம்போசிஷனில் இருப்பவர்களுக்கு இந்தக் கிரெடிட் இல்லை. வருமான வரியில் சாஃப்ட்வேருக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு, அதற்கும் பில்தான் வேண்டும்.

வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக கார்டில் வாங்கும்போது ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்தால் அவர்கள் வரி போட மாட்டார்கள். ரிவர்ஸ் சார்ஜில் அதை நீங்கள் கட்ட வேண்டும். ஆடிட்டரிடம் சொல்லாமல் விட்டுவிடுகிற இடம் இது.

மெஷினில் சரிபார்ப்பது

சர்வீஸ் ஆள் போன பிறகு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), டிஎல்ஐ என்று அடியுங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். அதில் ஓஇஎம் அல்லது ரீடெயில் சேனல் என்று இருந்தால், கையில் உள்ள பில்லோடு ஒத்துப் பாருங்கள். வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் என்று இருந்து, கீழே காலாவதி இத்தனை நிமிடம் என்று ஓர் எண் ஓடினால், அது 180 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய பெரிய நிறுவன முறை. விண்டோஸுக்கு அந்த முறை நேர்வழியில் இயங்கக் குறைந்தது 25 கம்ப்யூட்டர் வேண்டும். நாலு கம்ப்யூட்டர் வைத்திருக்கிற விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் அது வந்திருக்கிறது என்றால் ஆக்டிவேட்டர் என்ற திருட்டு புரோகிராமை ஓட்டியிருக்கிறார்கள்.

கூடவே விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குள் எக்ஸ்குளூஷன்ஸ் என்ற பட்டியலையும் திறந்து பாருங்கள். ஆக்டிவேட்டரை ஓட்டுவதற்காக டிஃபெண்டரை அணைத்து, ஒரு ஃபோல்டரையோ சி டிரைவ் முழுவதையுமோ அங்கே விலக்கி வைத்திருப்பார்கள். அதன் பிறகு அந்த வழியாக எது வந்தாலும் டிஃபெண்டர் கண்ணில் படாது, டேலி டேட்டாவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற வைரஸ் உட்பட.

ஃபிளெக்ஸ், ஆல்பம், அச்சகம்

அடோபி போட்டோஷாப் சந்தாவில்தான் கிடைக்கிறது. "பழைய மாதிரி ஒரே பணம்" என்று இப்போது யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஒரு சந்தாவை இரண்டு கம்ப்யூட்டரில் ஏற்றலாம், ஒரே நேரத்தில் இரண்டிலும் ஓட்டக்கூடாது. ஷிப்ட் மாறி வேலை செய்கிற ஆல்பம் ஸ்டுடியோவில் டிசைனர் ஒருவரே என்றால் ஒன்று போதும். கோடு வரைகிற வேலை மட்டும் உள்ளவர்கள் இலவசமான இன்க்ஸ்கேப்பைச் சோதித்துப் பார்க்கலாம். மாறுவதற்கு முன்னால் பழைய கோரல் ஃபைல்களில் இருக்கிற தமிழைக் கவனியுங்கள். யூனிகோடுக்கு முந்தைய ஃபாண்டில் அடித்த கல்யாணப் பத்திரிகை, அந்த ஃபாண்ட் இல்லாத மெஷினில் குப்பை எழுத்தாகத்தான் திறக்கும். பத்துப் பழைய ஃபைலையாவது திறந்து பார்த்துவிட்டுத்தான் மாற வேண்டும்.

புதுப்பிக்கும் தேதி

சந்தா எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடியும்படி வைக்காதீர்கள், தீபாவளிச் சரக்கு எடுக்கிற நேரத்தில் கைப்பணம் இறுகும். ரூ.15,000-க்கு மேல் போகிற தானியங்கிக் கட்டணத்துக்கு கார்டில் ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். அதைக் கவனிக்காமல் விட்டால் பணம் போகாது, சந்தா நின்றுவிடும். முதலில் எழுதிய அதே நோட்டில் ஒவ்வொரு லைசென்ஸுக்கும் முடியும் தேதி, பதிவான ஈமெயில், பில் நம்பர் மூன்றையும் சேர்த்து எழுதி, ஒரு மாதம் முன்னதாகவே இரண்டு டீலரிடம் விலை கேளுங்கள்.