பின்பக்கக் கதவு வெளியே திறக்க வேண்டுமா, உள்ளேயா?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு கட்டுகிறவர்கள், தோட்டத்துக்கோ மொட்டை மாடிக்கோ போகிற கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதை நிலை செய்யும் முன்பே ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். காடி (கதவு பொருந்தி உட்கார நிலையில் வெட்டும் பள்ளம்) எடுத்த பிறகு மாற்றுவது பெரிய வேலை.

சாரல் நேராக அடிக்கிற பக்கமென்றால் வெளியே திறக்கும் கதவுதான் என் தேர்வு. காற்று தள்ளத் தள்ளக் கதவு காடியில் இன்னும் இறுக்கமாக உட்காரும், தண்ணீர் உள்ளே வருவது குறையும். அக்டோபர் மாதம் சாயங்காலத்தில் காற்றோடு கொட்டுகிற மழைக்கு இது எவ்வளவு உதவி என்பது தரை துடைக்கிறவர்களுக்குத் தெரியும். அறைக்குள் கட்டில் போடவும் இடம் மிச்சம்.

ஆனால் கீல் வெளியே தெரியும், திருடன் கை வைக்கலாம். அதனால் ஆணியைத் தட்டிக் கழற்ற முடியாத கீலாகக் கேட்டு வாங்குங்கள். அப்புறம், திறந்த கதவு காற்றில் படாரென்று அடிக்காமல் இருக்கச் சுவரில் ஒரு கொக்கி கட்டாயம். கதவைத் தாண்டியதும் படி இறங்குகிறது என்றால் வெளியே திறப்பு வேண்டவே வேண்டாம். வயதானவர்கள் தடுமாறி விழுவார்கள்.

சன்ஷேடு நன்றாக நீண்டிருந்தால் சரி, உள்ளே திறப்பதே போதும். வெளிப்பக்கம் கொசுவலைக் கதவும் மாட்டிக்கொள்ளலாம்.