குழந்தைக்கான ஏழாயிரம் ரூபாய் கார் சீட்டை ஆடாமல் பொருத்துவது எப்படி?

எங்கள் வீடு தருமபுரியில், அம்மா வீடு சேலத்தில். மாதம் இரண்டு முறையாவது மகளைத் தூக்கிக்கொண்டு தொப்பூர் கணவாயைக் கடக்கிறோம். அந்த இறக்கத்தில் நடக்கும் லாரி விபத்துகளைச் செய்தித்தாளில் படித்தே வளர்ந்தவள் நான். ஆனாலும் மகளுக்கு ஐந்து மாதம் ஆகும்வரை மடியில் வைத்துக்கொண்டுதான் போனேன். "பெற்றவள் கையைவிடப் பாதுகாப்பான இடம் ஏது?" என்று மாமியார் சொன்னபோது எனக்கும் அது சரியாகவே பட்டது.

பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி நிற்பது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்றாவது மாடியிலிருந்து விழும் ஏழு கிலோ குழந்தையை எந்தத் தாயின் கையும் தாங்கிப் பிடிக்காது. மாமியாரிடம் இதைச் சொன்னேன். மறுநாள் காலை கார் சீட்டுக்குப் பாதிப் பணத்தை அவரே கொண்டுவந்து கொடுத்தார்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தப்படி, 14 வயது நிரம்பாத குழந்தையை பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம்.

எதை வாங்குவது

கைப்பிடி வைத்த தூக்குக்கூடை போன்ற சீட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 13 கிலோவோடு அதன் வேலை முடிந்துவிடும். நடுத்தரக் குடும்பத்துக்கு நான் சொல்வது, 0 முதல் 18 கிலோ வரை தாங்கும், பின்னோக்கியும் (குழந்தையின் முகம் காரின் பின்கண்ணாடியைப் பார்க்கும்படி) முன்னோக்கியும் திருப்பிவைக்கக்கூடிய சீட். கிட்டத்தட்ட நான்கு வயது வரை உழைக்கும். நான் ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கினேன்.

மெத்தையின் மிருதுவையும் நிறத்தையும் பார்க்காதீர்கள். சீட்டின் பின்புறத்திலோ அடியிலோ ஆரஞ்சு நிற முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' எழுத்தும், பக்கத்தில் ஓர் எண்ணும், ஆர்44/04 அல்லது ஆர்129 என்ற தர எண்ணும் இருக்க வேண்டும். அந்த முத்திரை இல்லாததை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

உறவினர் கொடுக்கும் பழைய சீட் என்றால், அது விபத்தில் சிக்கியதா, எந்த ஆண்டு தயாரிக்கப்பட்டது என்று இரண்டையும் கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

எங்கே வைப்பது

பின் இருக்கையில்தான். ஏர்பேக் இயங்கும் முன் இருக்கையில் பின்னோக்கிய சீட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் விரிந்து சீட்டின் முதுகில் அடித்தால் அந்த அடி குழந்தையின் தலையில் இறங்கும்.

பெல்ட்டைக் கோர்ப்பது

நான் தவறிய இடம் இதுதான். எங்களுடையது பழைய கார், குழந்தை சீட்டை பெல்ட் இல்லாமல் காரோடு நேரடியாகப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் வளையங்கள் கிடையாது. உங்கள் காரில் இருக்கிறதா என்று அறிய, பின் இருக்கையின் முதுகும் அமரும் பகுதியும் சேரும் இடுக்கில் விரலை விட்டுத் துழாவுங்கள், இரும்பு வளையம் தட்டுப்படும். இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். இடுப்பையும் தோளையும் சேர்த்துக் கட்டும் மூன்றுமுனை சீட் பெல்ட்டாலேயே உறுதியாகக் கட்ட முடியும். நடு இருக்கையில் இடுப்புக்கு மட்டுமே பெல்ட் உள்ள கார் என்றால் ஓர இருக்கையைப் பயன்படுத்துங்கள்.

முதல் தடவை பெல்ட்டைக் கோர்த்து, பக்கிள் 'டக்' என்று மாட்டியதும் வேலை முடிந்ததென்று நினைத்தேன். தொப்பூர் வளைவில் சீட் அப்படியே கதவுப் பக்கம் சாய்ந்தது. மகள் தூங்கிக்கொண்டிருந்தாள், எனக்குக் கை நடுங்கியது. சேலம் போய்ச் சேரும்வரை சீட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போனேன்.

அன்று மாலை கையேட்டை விரித்துவைத்துப் பார்த்தபோது புரிந்தது. பெரும்பாலான சீட்டுகளில் பெல்ட் போகும் பாதைக்கு இரண்டு நிறங்கள் உண்டு. நீலம், குழந்தை பின்னோக்கி அமரும்போது. சிவப்பு, முன்னோக்கி அமரும்போது. நான் சீட்டைப் பின்னோக்கி வைத்துவிட்டு, பெல்ட்டைச் சிவப்புப் பாதையில் விட்டிருந்தேன்.

பாதையைச் சரிசெய்த பிறகு இறுக்க வேண்டும். ஒரு முழங்காலைச் சீட்டுக்குள் ஊன்றி உடல் எடையை முழுவதும் கொடுங்கள். முதலில் இடுப்புப் பகுதியின் தொய்வை இழுங்கள், பிறகு அந்தத் தொய்வைத் தோள் பகுதி வழியாக மேலே இழுத்துவிடுங்கள். பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் சீட்டில் இருந்தால், முழங்காலை எடுப்பதற்கு முன்பே அதைப் பூட்டிவிடுங்கள். முழங்காலை எடுத்துவிட்டுப் பூட்டினால் இறுக்கமெல்லாம் போய்விடும். நான் மூன்று முறை அப்படித்தான் தோற்றேன்.

இப்போது பெல்ட் செல்லும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். எந்தப் பக்கமும் 2.5 செ.மீ.க்கு மேல் நகரக் கூடாது. பக்கிள், சீட்டின் பிளாஸ்டிக் விளிம்பின்மேல் மடங்கி நிற்கிறதா என்றும் பாருங்கள். அப்படி நின்றால் மோதலின்போது உடையவோ திறந்துகொள்ளவோ கூடும். அடுத்த ஓர இருக்கைக்கு மாற்றிப் பாருங்கள்.

குழந்தையை உட்காரவைப்பது

தலை முன்னால் தொங்கி முகவாய் நெஞ்சில் முட்டினால் கைக்குழந்தைக்கு மூச்சு தடைபடும். காரைச் சமதரையில் நிறுத்தி, சீட்டின் பக்கவாட்டில் போட்டிருக்கும் கோடு தரைக்கு இணையாக வரும்வரை சீட்டைச் சாய்த்துவையுங்கள்.

குழந்தையைக் கட்டும் சீட்டின் தோள்வார்கள், பின்னோக்கி அமரும்போது தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ உள்ள துளையிலிருந்து வர வேண்டும். முன்னோக்கி என்றால் தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. குழந்தை வளர வளர இது மாறிக்கொண்டே இருக்கும். மாதம் முதல் தேதியன்று நான் சரிபார்க்கிறேன். வாரை இறுக்கியபின் தோளருகே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். துணி மடிப்பாகக் கையில் வந்தால் இன்னும் தொய்வு இருக்கிறது.

மார்கழிக் குளிரில் கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு வாரை மாட்டி, அதற்குமேல் போர்வையைப் போர்த்துங்கள். சித்திரை வெயிலில் பக்கிளின் இரும்பு பழுக்கக் காய்ந்திருக்கும், முதலில் உங்கள் விரலால் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நிறுத்தும்போது சீட்டின்மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டு வைத்தால் போதும்.

எப்போது முன்னோக்கித் திருப்புவது

ஆர்44 சீட்டின் பெட்டியில் 9 கிலோவிலிருந்து என்று இருக்கும். அதைப் பார்த்து அவசரப்படாதீர்கள். குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கழுத்து மென்மையானது. பின்னோக்கி இருந்தால் மோதலின் விசையை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும். சீட் அனுமதிக்கும் 13 கிலோ வரையோ, தலை உச்சி சீட்டின் மேல் விளிம்பை எட்டும் வரையோ அப்படியே விடுங்கள். என் மகள் இப்போது 11 கிலோ. கால்களைச் சம்மணமிட்டு மடக்கிக்கொண்டு, பின்கண்ணாடி வழியே லாரிகளை எண்ணிக்கொண்டு வருகிறாள்.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துவிட்டு பாலக்கோட்டிலிருந்து ஒருவர், தம் காரில் பின்னோக்கி வைத்தால் பெல்ட் நீளம் போதவில்லை, நீட்டிப்பு பெல்ட் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம். பக்கிளின் இடமே மாறிவிடும். மற்ற ஓர இருக்கையில் முயன்று பாருங்கள், அங்கும் எட்டவில்லையென்றால் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு மாதிரி வாங்குங்கள். கடைக்குக் காரிலேயே போய், வாங்குவதற்கு முன் ஒருமுறை கட்டிப் பார்க்கக் கேளுங்கள். இணையத்தில் வாங்கினால், கட்டிப் பார்க்கும்வரை அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள்.