பாங்லா ரோடு பக்கத்தில் கட்டுப்படியாகும் விலையில் நீச்சல் குளம் உள்ள ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது

தாய்லாந்தின் புக்கெட் தீவில் இரவு ஆட்டம் பாட்டம் என்றால் பாடோங் கடற்கரைப் பகுதியில் இருக்கும் பாங்லா ரோடுதான். கடற்கரைச் சாலையில் தொடங்கி ராட் உதித் சாலையில் முடிகிற தெரு, மொத்த நீளமே சுமார் 400 மீட்டர்தான் இருக்கும், சாயங்காலத்துக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள், இரண்டு பக்கமும் பார், கிளப், மறுபடி பார். இதற்குப் பக்கத்தில் குளத்தோடு, கையைக் கடிக்காத விலையில் ரூம் வேண்டும் என்று ஆப்பில் தேடினால் பட்டியல் முடியவே முடியாது. எல்லாப் படத்திலும் நீலத் தண்ணீர், எல்லாமே ‘பாங்லாவுக்கு மிக அருகில்’.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், விலையை அப்புறம் பார்க்கலாம். 2023 டிசம்பரிலிருந்து புக்கெட்டில் உரிமம் பெற்ற கேளிக்கை விடுதிகள் அதிகாலை 4 மணி வரை திறந்திருக்கலாம் என்று அரசே அனுமதி கொடுத்துவிட்டது. அதனால் பாங்லாவிலேயோ, அதற்கு எதிரே இருக்கும் சோய் சான் சபாய் மாதிரியான பார் சந்துகளிலோ ரூம் எடுத்தால், நீங்கள் சீக்கிரம் திரும்பி வந்தாலும் தெரு உங்களைத் தூங்க விடாது. காதில் பஞ்சு வைத்தால் பேச்சுச் சத்தம் குறையும், ஸ்பீக்கரின் அதிர்வு குறையாது, அது சுவர் வழியாகவே வரும். என்னைக் கேட்டால் ஜங்சிலோன் மாலுக்குப் பின்பக்கம், பான்ஸான் மார்க்கெட்டைத் தாண்டி, நானாய் ரோடு போகும் திசையில் தேடுவதுதான் சரி. பாங்லாவுக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை, சாப்பாடு மலிவு, கடற்கரையிலிருந்து தள்ளிப் போகப் போக வாடகையும் இறங்கும்.

ஆனால் நானாய் ரோட்டைத் தாண்டினால் மலைச்சரிவு தொடங்கிவிடும். குறைந்த விலையில் ‘கடல் தெரியும் அறை’ என்று போட்டிருந்தால், அந்தக் கடல் தெரிய வேண்டிய உயரத்துக்கு ராத்திரி இரண்டு மணிக்கு நீங்கள்தான் ஏற வேண்டும். அங்கே டுக் டுக்கில் மீட்டர் கிடையாது, பக்கத்தில் போவதற்கே கேட்கிற காசு உங்களை யோசிக்க வைக்கும். கிராப், போல்ட் மாதிரியான டாக்ஸி ஆப்கள் அதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் தினமும் போக ஒரு தடவை வர ஒரு தடவை என்று கணக்குப் போட்டால் வாடகையில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். வடக்கே காலிம் பக்கம் அமைதியாக இருக்கும், அதற்கும் இதே கணக்குதான். ஆப் காட்டும் தூரத்தை நம்பாமல் கூகுள் மேப்பில் ஹோட்டல் வாசலிலிருந்து ஜங்சிலோனுக்கு நடைபாதையைப் போட்டுப் பாருங்கள், அப்படியே தெருப் படத்தையும் திறந்து நடக்க இடம் இருக்கிறதா, விளக்குக் கம்பம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெண்கள் மட்டும் போகும் குழு என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள்.

இப்போது குளம். இரவு வெளியே சுற்றுகிறவர் காலை எட்டு மணிக்குக் குளத்தில் இறங்கப் போவதில்லை. எழுவதே பதினொன்று, குளிக்கப் போவது மதியத்துக்கு மேல். ஆகவே குளத்தை எத்தனை மணிக்கு மூடுகிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி, ஆறு மணிக்கு மூடுகிற இடமும் உண்டு, இரவு வரை விடுகிற இடமும் உண்டு. அடுத்தது வெயில். விலை குறைந்த ஹோட்டல்களில் நிறைய குளங்கள் நாலு பக்கமும் கட்டடம் சூழ நடுவில் இருக்கும், அங்கே வெயில் விழுவது கொஞ்ச நேரம்தான். உடம்பு குளிர்ந்தால் போதும் என்பவருக்கு அது வசதி, வெயிலில் படுக்க நினைப்பவர் மொட்டைமாடிக் குளமாகப் பார்த்து எடுக்கட்டும். அளவு தெரிய ஹோட்டல்காரர் போட்ட படம் உதவாது, தங்கிய ஆட்கள் எடுத்த படத்தில் தண்ணீரில் யாராவது நிற்கிறார்களா என்று தேடுங்கள், நாலு பேர் நின்றாலே நிரம்பிவிடும் தொட்டியா என்று உடனே புரிந்துவிடும்.

அறைக் கதவைத் திறந்தால் நேரே குளம் என்று கூடுதல் விலைக்கு ஒரு வகை ரூம் விற்பார்கள். இந்த மாதிரி இடத்தில் அதை நான் எடுக்க மாட்டேன். பக்கத்து ரூம்காரர்கள் பியரும் ஸ்பீக்கருமாக உங்கள் ஜன்னலுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருப்பார்கள், திரையை விலக்கவே முடியாது. குளத்தைப் பார்த்த ரூமும் எனக்குப் பிடிக்காது, நீங்கள் நாலு மணிக்குப் படுத்தால் ஒன்பது மணிக்குக் குழந்தைகள் குதிக்க ஆரம்பிக்கும். தெருவுக்கும் குளத்துக்கும் முதுகு காட்டி நிற்கும் மேல்மாடி அறை வேண்டும் என்று புக்கிங் போடும்போதே குறிப்பு எழுதிவிடுங்கள்.

பருத்தி டிஷர்ட்டோடு, ஜீன்ஸோடு பல குளங்களில் இறங்க விடமாட்டார்கள், நீச்சல் உடை எடுத்துப் போங்கள். சின்ன ஹோட்டல்களில் குளத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. குடித்துவிட்டு வந்து தண்ணீரில் இறங்காதீர்கள், நீச்சல் எவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தாலும் சரி.

சரி, குளம் உண்மையிலேயே தேவையா? அது நீங்கள் போகும் மாதத்தைப் பொறுத்தது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவமழை, பாடோங் கடலில் அலையும் இழுப்பும் அதிகம், சிவப்புக் கொடி நட்டிருந்தால் இறங்கவே கூடாது. வாடகை நன்றாக இறங்குவதும் இந்த மாதங்களில்தான், அதனால் அப்போது போகிறவர் குளம் இல்லாத ரூமை எடுத்தால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு மட்டும்தான் இருக்க முடியும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதி. அப்போது கூட்டமும் விலையும் ஏறியிருக்கும், பட்ஜெட் இடித்தால் குளத்தை விட்டுவிட்டு நல்ல ரூமைப் பிடியுங்கள், கடலே போதும். மழைக்காலத்தில் இன்னொன்று, கூட்டம் குறைவு என்று பழுது வேலைகளை அப்போதுதான் வைத்துக்கொள்வார்கள். என் தேதிகளில் குளம் திறந்திருக்குமா, பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா என்று ஆப் வழியாகவே எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள்.

விலையில் ஏமாறாமல் இருக்க இரண்டு கூட்டல் குறிகளைக் கவனியுங்கள். விலைக்குப் பின்னால் ‘++’ இருந்தால் சேவைக் கட்டணம் 10 சதவீதமும் அதற்கு மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 7 சதவீதமும் சேரும் என்று அர்த்தம். 1500 பாட் (தாய்லாந்து நாணயம்) ரூம் 1765 பாட்டைத் தாண்டும். காலைச் சாப்பாட்டுக்குக் காசு கட்டாதீர்கள், அது முடிகிற நேரத்துக்கு நீங்கள் எழுந்திருக்க மாட்டீர்கள். திரும்பித் தரும் முன்பணம் எவ்வளவு, ரொக்கமா கார்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு புக் செய்து நாலு பேர் தங்கலாம் என்ற திட்டம் அங்கே எடுபடாது, வெளிநாட்டவர் தங்கினால் ஹோட்டல்காரர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், அதனால் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் கேட்பார்கள். இரவு விமானம் என்றால், ரூமைக் காலி செய்தபிறகும் குளத்தையும் குளியலறையையும் பயன்படுத்தலாமா, பெட்டியை வைத்துவிட்டுப் போகலாமா என்பதையும் கேளுங்கள், பல இடங்களில் சம்மதிப்பார்கள்.

விமர்சனங்களைப் புதியது முதலில் வருகிற மாதிரி வைத்துப் படியுங்கள். பத்துக்குப் பத்து கொடுத்தவரையும் ஒன்று கொடுத்தவரையும் தாண்டி, ஐந்து ஆறு கொடுத்தவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள், சத்தம், ஈர வாடை, குளம் மூடியிருந்தது என்ற புகார்கள் அங்கேதான் விவரமாக இருக்கும்.

முதலில் இரண்டு இரவுக்கு மட்டும், ரத்து செய்யக்கூடிய விலையில் போடுங்கள். பிடித்திருந்தால் நீட்டிக்கும்போது ரிசப்ஷனில் ஒரு விலை கேளுங்கள், ஆப்பிலும் பாருங்கள், குறைவானதை எடுங்கள். மதியம் செக்-இன் செய்யும்போது தெரு தூங்கிக்கொண்டிருக்கும், அந்த அமைதியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பெட்டியைத் திறக்கும் முன் ஜன்னலைத் திறந்து எதிரே என்ன இருக்கிறது என்று பாருங்கள், பார் பலகையோ ஜெனரேட்டரோ கிளப்பின் பின்வாசலோ தெரிந்தால் அப்போதே கீழே போய் வேறு ரூம் கேளுங்கள்.