ஆலயத்துக்குள் பாடகர் குழுவைப் பதிவு செய்யும் முறை

பதிவு என்றதும் எல்லோரும் மைக்கைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அதற்கு முந்தியது மின்விசிறி. ஓடவிட்டால் இரைச்சல் பதிவில் ஏறிவிடும். நிறுத்தினால் அரை மணி நேரத்தில் வியர்த்துக் களைத்து, குழுவின் சுருதி இறங்கும். ஆகவே இருபது நிமிடம் பாட்டு, பத்து நிமிடம் விசிறி என்று இரவைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தகரக் கூரை ஆலயமானால் ஜூன் முதல் டிசம்பர் வரை நாள் குறிக்க வேண்டாம். ஒரு தூறல் போதும், பாட்டு கெட்டுவிடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் தென்மேற்குக் காற்று ஜன்னலை அடித்துக்கொண்டே இருக்கும். பிப்ரவரி நல்லது, இரவு ஒன்பதரைக்கு மேல். முட்டம், குளச்சல் போன்ற கடற்கரை ஊர்களில் அலைச்சத்தத்தை நிறுத்த முடியாது. கடல் பக்கத்துக் கதவுகளைச் சாத்தி, மைக்கின் முதுகு கடலைப் பார்க்கும்படி குழுவை நிறுத்துங்கள். இரைகிற டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். கொசு மருந்தை முன்பே தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். செல்போன்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

இருபத்துநான்கு பேர் என்றால் அரைவட்டமாக இரண்டு வரிசை போதும்: முன்னால் சோப்ரானோவும் ஆல்டோவும் (பெண்களின் மேல், கீழ்க் குரல்கள்), பின்னால் டெனரும் பாஸும் (ஆண்களின் மேல், கீழ்க் குரல்கள்). பின்வரிசையைப் பெஞ்சில் ஏற்றாதீர்கள், அது கிறீச்சிடும். பீடத்துப் படியே மேல். கார்டியாய்ட் (முன்பக்க ஒலியை அதிகமாகவும் முதுகுப்பக்க ஒலியைக் குறைவாகவும் எடுக்கும்) கண்டென்சர் மைக் இரண்டு: முனைகளுக்கு நடுவே 17 செ.மீ., வெளிப்பக்கம் விரிந்து 110 டிகிரி, உயரம் இரண்டரை மீட்டர், முன்வரிசையிலிருந்து தூரமும் அவ்வளவே. ஒரு கைதட்டு தட்டிப் பாருங்கள். எதிரொலி இரண்டு வினாடிக்கு மேல் நீண்டால் மைக்கைக் குழுவை நோக்கி அரை மீட்டர் நகர்த்துங்கள்; தரையில் பாய் விரித்தால் இன்னும் அடங்கும்.

பதியும் மென்பொருளில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். பாட்டின் மிக உரத்த இடம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாழ்ந்த அதிர்வெண் இரைச்சலை வெட்டும் ஃபில்டரை 70 ஹெர்ட்ஸுக்கு மேல் வைக்காதீர்கள். பாஸ் குரலின் கீழ்ச் சுரங்கள் 80 அருகிலேயே தொடங்கிவிடும். லேப்டாப் பேட்டரியில் ஓடட்டும், சார்ஜர் பல நேரம் 'ம்ம்' என்ற இரைச்சலைக் கொண்டுவரும்.

அரை நிமிடம் பதிந்து ஹெட்போனில் கேளுங்கள். ஒரு குரல் தனியாகத் துருத்தினால், 'மெதுவாகப் பாடு' என்று சொல்லாதீர்கள். குரலின் நிறமே மாறிவிடும். அவரை இரண்டடி பின்னால் நிறுத்துங்கள், போதும்.

உண்மையில் பதிவைக் கெடுப்பது மெய்யெழுத்துதான். 'ஸ்தோத்திரம்' என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்' இருபத்துநான்கு வாயிலிருந்து ஆளுக்கொரு நொடியில் வந்தால் குக்கர் சீறுவது போலக் கேட்கும். நான்கு பேர் மட்டும் அதைச் சொல்லட்டும், மற்றவர்கள் 'தோ'விலிருந்து சேரட்டும். கடைசியில் 'ர'வை நீட்டிப் பிடித்து, நடத்துபவரின் விரல் மூடும்போதுதான் 'ம்'முக்கு உதட்டை மூட வேண்டும். சொல்பா (எழுத்துகளால் சுரங்களைக் குறிக்கும் முறை) தாளிலேயே பென்சிலால் குறித்துவிடுங்கள். ஒத்திகை நேரத்தில் பாதியை இதற்கே கொடுத்தாலும் வீணில்லை.

ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் கீபோர்டில் சுருதியைச் சரிபாருங்கள். வழுவியிருந்தால் அங்கேயே நிறுத்த வேண்டும், இறங்கின சரணத்தைப் பிறகு மற்றதோடு ஒட்ட முடியாது. எப்போதும் ஒரே இடத்தில் இறங்குகிறதென்றால் பாட்டையே அரைச் சுரம் ஏற்றிப் பாடிப் பாருங்கள், பல குழுக்களுக்கு அது பிடித்துக்கொள்ளும்.

முழுப் பாட்டு இரண்டு தரம், பிறகு பழுதான சரணங்கள் மட்டும். கடைசி 'ஆமென்' சுவரில் அடங்கும்வரை, ஐந்து வினாடியாவது, யாரும் தாளைக்கூடத் திருப்பக் கூடாது. ஆலயத்தின் வெறும் அமைதியையும் முப்பது வினாடி பதிந்துகொள்ளுங்கள். ஒட்டுகிற இடங்களில் அதுதான் இட்டு நிரப்பும். கேபிளைச் சுருட்டுவதற்கு முன்பே கோப்புகளை இரண்டு இடங்களில் நகலெடுத்துவிடுங்கள்.