அலையலையான மண்சாலையில் அதிர்வில்லாமல் ஓட்ட: முதலில் காற்று, அப்புறம் வேகம்

மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் டெர்பி ஊரிலிருந்து குனுனுரா பக்கம் போகிறது கிப் ரிவர் ரோடு. சுமார் 660 கிலோமீட்டர். பண்ணைகளிலிருந்து மாடுகளை ஏற்றி வருவதற்காகப் போட்ட சாலை இது. இன்று மழையில்லாத மே முதல் அக்டோபர் வரை சுற்றுலா வண்டிகள்தான் அதிகம். தார் முடிந்து சரளை தொடங்கியதும் ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். சாலையின் குறுக்கே, தகரக் கூரையைப் படுக்க வைத்தது போல, வரிவரியாக மேடும் பள்ளமும். அந்த ஊர்க்காரர்கள் இதைக் காருகேஷன் என்பார்கள்.

இந்த மாதிரி சாலைக்கு முதல்முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த சஸ்பென்ஷன் மாட்டலாம்?" என்றுதான். அதற்குச் செலவு செய்யும் முன் காற்றழுத்தம் அளக்க ஒரு நல்ல டயர் கேஜும், காற்று அடிக்க 12 வோல்ட் காம்ப்ரசரும் வாங்குங்கள் என்பேன். வண்டி எதுவானாலும் அதிர்வைக் குறைக்கும் முதல் வேலையை டயருக்குள் இருக்கும் காற்றுதான் செய்கிறது.

அலை எப்படி வருகிறது?

வண்டிகளின் ஸ்பிரிங்தான் சாலையை இப்படி ஆக்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். டொரண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் மோரிஸும் அவருடைய கூட்டாளிகளும் 2007ல் வெளியிட்ட ஆய்வில், சுழலும் மணல் மேடை மீது ஒரு கெட்டி ரப்பர் சக்கரத்தை உருட்டிப் பார்த்தார்கள். அதில் ஸ்பிரிங் கிடையாது, ஷாக் அப்சார்பரும் கிடையாது. ஆனாலும் குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் மணலில் அலை எழுந்துவிட்டது. சின்ன மேட்டில் ஏறிய சக்கரம் அதைத் தாண்டி விழுகிற இடத்தில் குழி பறிக்கிறது, அடுத்த மேடு அங்கே பிறக்கிறது. அலையே வராத அளவுக்கு மெதுவாக யாரும் ஊர் போய்ச் சேர முடியாது. ஆகவே காய்ந்த மண்சாலையில் வண்டி ஓடினால் அலை வரும். கிரேடர் வந்து சமன் செய்தாலும் மறுபடி வரும்.

படி 1: காற்றை இறக்குங்கள்

தார்ச்சாலையில் பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் பொதுவாக 35 முதல் 40 பிஎஸ்ஐ (டயர் காற்றழுத்தத்தின் அலகு) காற்றில் ஓடும். அதே காற்றோடு சரளையில் ஏறினால் டயர் கல் மாதிரி இருக்கும், ஒவ்வொரு மேடும் நேராக முதுகெலும்புக்கு வரும். 26 முதல் 28 வரை இறக்குங்கள். பின்பக்கம் நிறையச் சாமான் இருந்தால் பின் டயர்களில் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடுதலாக விடலாம்.

சாலையை விட்டு நன்றாக ஒதுங்கி, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். டயர் சூடாவதற்கு முன், காலையிலேயே இதைச் செய்வது நல்லது. வால்வு மூடியைக் கழற்றி உடனே சட்டைப் பையில் போடுங்கள். செம்மண்ணில் விழுந்தால் தேடி எடுப்பது கஷ்டம். நடுவில் இருக்கும் ஊசியைச் சின்னக் கம்பியால் அழுத்தினால் காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். கொஞ்சம் விட்டதும் கேஜ் வைத்துப் பாருங்கள், பிறகு மறுபடி விடுங்கள். இடது வலது இரண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

சரியான அளவுதானா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சுமார் ஒரு மணி நேரம் ஓட்டியபின் கேஜ் வையுங்கள். காலையில் வைத்ததைவிட 4 பிஎஸ்ஐ அளவுக்கு ஏறியிருந்தால் சரி. அதைவிட நிறைய ஏறியிருந்தால், உங்கள் சுமைக்கும் வேகத்துக்கும் காற்று போதவில்லை, டயர் அளவுக்கு மீறிச் சுடுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் காற்று அடியுங்கள், இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள். இறக்கிய காற்றோடு மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டவே வேண்டாம். டயரின் பக்கச் சுவர் சூடாகிக் கிழியும்.

படி 2: ஃபோர் ஹை போடுங்கள்

ஃபோர் ஹை என்பது சாதாரண வேகத்திலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் கியர் நிலை. சரளையில் நான்கு சக்கரமும் இழுத்தால் வண்டி வால் ஆட்டுவது குறையும். தார் வந்ததும் எடுத்துவிட வேண்டும் (எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தாது). ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை (வண்டி சறுக்காமல் தானாகவே பிடிக்கும் அமைப்பு) அணைக்காதீர்கள்.

படி 3: வேகத்தைக் கண்டுபிடியுங்கள்

கொஞ்சம் கணக்குப் போடுவோம். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேடு முக்கால் மீட்டர் என்று வையுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் சக்கரம் வினாடிக்கு சுமார் 11 மேடுகளில் மோதும். சக்கரமும் ஆக்சிலும் இயல்பாகத் துள்ளும் வேகமும் ஏறக்குறைய அதுவேதான், வினாடிக்கு 10 முதல் 15 தடவை. இரண்டும் ஒத்துப்போவதால்தான் 30, 40ல் பல்லெல்லாம் ஆடுகிறது. 72 கிலோமீட்டரில் மோதல் வினாடிக்கு 27 ஆகிவிடும். சக்கரத்துக்குப் பள்ளத்தில் இறங்க நேரமே இருக்காது, மேட்டு உச்சிகளை மட்டும் தொட்டுக்கொண்டு போகும். திடீரென்று வண்டிக்குள் அமைதி வரும்.

அந்த அமைதிக்கு ஒரு விலை இருக்கிறது, அதைப் புதியவர்களிடம் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. உச்சியை மட்டும் தொடுகிற டயருக்குப் பிடிமானம் வெகுவாகக் குறைந்துவிடும். பிரேக் அடித்தால் வண்டி நிற்காமல் வழுக்கும், ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பினால் பின்பக்கம் சுற்றிக்கொண்டு வரும். மாடு குறுக்கே வரும் சாலை இது. எனவே நேராக, தூரம் வரை தெரிகிற இடத்தில் மட்டும் 60, 70க்கு மெல்ல ஏறுங்கள். வளைவு, மேட்டு உச்சி, ஓடை இறக்கம் எதுவாக இருந்தாலும் அதற்கு முன்பே, சக்கரம் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறையுங்கள். எதிரே வண்டி வந்தால் இடது ஓரம் ஒதுங்கி மெதுவாகப் போங்கள்; கல் தெறித்துக் கண்ணாடி உடையும், புழுதியில் பின்னால் வருவது எதுவும் தெரியாது. வேகம் ஏற்ற முடியாத இடத்தில் 30ல் அவஸ்தைப்படுவதைவிட 15, 20க்கு இறங்கிவிடுங்கள். டிரெய்லர் இழுப்பவர்களுக்கு எப்போதும் மெதுவான வழிதான்.

படி 4: தடம் பாருங்கள்

வண்டிகள் பிரேக் பிடிக்கும், ஆக்சிலரேட்டர் மிதிக்கும் இடங்களில் அலை ஆழமாக இருக்கும். ஓரத்தில் பல சமயம் கொஞ்சம் சமதளம் கிடைக்கும். எதிர்ப்பக்கம் ஏறிப்போவது மட்டும் வேண்டாம்.

படி 5: சாமானைக் கட்டுங்கள்

கூரைமேல் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. கனமானவற்றைத் தரையோடு, பின் ஆக்சிலுக்கு முன்னால் வையுங்கள். அலுமினியக் குளிர்பான டப்பாக்களை அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று உரசி, சாயங்காலம் திறக்கும்போது ஊசித் துளை விழுந்து பெட்டி முழுக்கப் பிசுபிசுவென்று இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் துணி சுற்றுங்கள். பேட்டரி கிளாம்ப், கூரை ரேக் போல்ட், வீல் நட், ஸ்டெப்னி தாங்கி: இந்த நான்கையும் தினமும் காலையில் கையால் ஆட்டிப் பாருங்கள்.

படி 6: ஷாக் அப்சார்பருக்கு ஓய்வு கொடுங்கள்

ஷாக் அப்சார்பர் அதிர்வைச் சூடாக மாற்றித்தான் அடக்குகிறது. ஓயாமல் ஓட்டினால் உள்ளே எண்ணெய் நுரைத்து, வண்டி படகு போல ஆட ஆரம்பிக்கும். அப்போது நிறுத்தி ஒரு டீ குடியுங்கள். நிறுத்தியதும் நான்கு ஷாக் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம், சுட்டுவிடும். மூன்று சூடாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது வேலை செய்யவில்லை. எண்ணெய் கசிவு இருக்கிறதா, ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். சஸ்பென்ஷன் மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டியது இந்த இடத்தில்தான்.

தார் திரும்ப வந்ததும் ஃபோர் ஹையை எடுத்து, ஓரமாக நிறுத்தி, காம்ப்ரசரை மாட்டி நான்கு டயருக்கும் பழைய அளவுக்குக் காற்று அடியுங்கள். டயர் இன்னும் சூடாக இருக்கும், அதனால் மறுநாள் காலை ஒருமுறை கேஜ் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.