மூன்று கார்டில் ஸ்விங்கிலிருந்து பீபாப்புக்கு

கிட்டாரில் கார்ட் மாற்றத் தெரிந்தால் போதும், ஸ்விங், பீபாப் என்ற இரண்டு ஜாஸ் பாணிகளையும் தொடங்கிவிடலாம்.

டி மைனர் 7: ஐந்தாம் கம்பியில் 5ஆம் ஃப்ரெட், நான்காம் கம்பியில் 3, மூன்றாம் கம்பியில் 5.
ஜி 7: ஆறாம் கம்பியில் 3, நான்காம் கம்பியில் 3, மூன்றாம் கம்பியில் 4.
சி 6: ஐந்தாம் கம்பியில் 3, நான்காம் கம்பியில் 2, மூன்றாம் கம்பியில் 2.

மற்ற கம்பிகள் ஒலிக்கக் கூடாது. முதல் இரண்டும் தலா ஒரு பார் (நாலு அடி), சி 6 இரண்டு பார்.

முதலில் ஸ்விங். 1937இல் கவுண்ட் பேசியின் ஜாஸ் குழுவில் சேர்ந்த ஃப்ரெடி கிரீன் வாசித்தது போல, ஒரு பாருக்கு நாலு அடி, எல்லாம் கீழ்நோக்கி. பெரும்பாலும் சிக்கல் வருவது இடது கையில்தான். அடித்ததும் விரலைக் கம்பியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள். ஒலி உடனே நிற்க வேண்டும். இது வராமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

மெட்ரோனோமை (தாளத்துக்கு ‘டிக்’ ஒலி தரும் கருவி) 60இல் வைத்து, ‘டிக்’ இரண்டாவது, நான்காவது அடியில் விழுவதாக எண்ணுங்கள். ‘டிக்’ கேட்கும்போது “ரெண்டு” என்று சொல்லித் தொடங்கினால் சரியாக வரும். பின்னணி இசை ஆப் வேண்டாம் என்பேன். தாளத்தை அதுவே சுமந்துவிடும், நமக்குள் ஏறாது.

இனி பீபாப். பென்னி குட்மன் குழுவில் 1939இல் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன், வேலை முடிந்த இரவுகளில் நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த மின்டன்ஸ் என்ற ஜாஸ் கிளப்பில் எலெக்ட்ரிக் கிட்டாரோடு உட்கார்ந்துவிடுவார். அங்கே டிரம்மர் கென்னி கிளார்க் தாளத்தைப் பெரிய டிரம்மிலிருந்து சிம்பலுக்கு மாற்றியிருந்தார். சிம்பலும் பேஸ் வாத்தியமும் நாலு அடியையும் பார்த்துக்கொண்டதால் கிட்டாருக்கு அந்த வேலை குறைந்தது. சாக்ஸபோன் போல நீண்ட வரிகள் வாசிக்க முடிந்தது. 1941இல் அங்கே பதிவான கிறிஸ்டியனின் வாசிப்பைக் கட்டாயம் கேளுங்கள். அடுத்த மார்ச்சில் காசநோய் அவரைக் கொண்டுபோய்விட்டது, வயது 25தான்.

சரி, கையில் எடுங்கள். ஜி 7 பாரில் மூன்றாவது அடி வந்ததும் கார்டை நிறுத்திவிட்டு, அடிக்கு இரண்டு ஸ்வரமாக: மூன்றாம் கம்பி 4, இரண்டாம் கம்பி 3, அதே கம்பியில் 6, முதல் கம்பி 4. சி 6இன் முதல் அடியில் முதல் கம்பி 3இல் இறங்குங்கள். அந்த 4ஆம் ஃப்ரெட் ஏ ஃபிளாட். ஜி 7இன் மேல் உறுத்தும், இறங்கும்போது தீரும். அந்த உறுத்தலுக்காகத்தான் இந்த வரியே.

பின்சேர்க்கை: 3இலிருந்து 6க்கு விரல் எட்டவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஆள்காட்டி விரலால் 3, சுண்டு விரலால் 6, இரண்டு 4களுக்கும் நடுவிரல். கட்டை விரலைக் கழுத்தின் பின்பக்கம் நடுவில் வைத்தால் எட்டும்.